பந்தத்தேரியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் ஆண்டுதோறும் ஒரு பேரரசரின் பெயரை நாம் கேட்கிறோம். மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்ட அகுஸ்து சீசரின் பெயர் அது. மக்களை எண்ணச் சொன்ன அதே மன்னர், அம்மக்கள் யாரை மணக்கலாம், எத்தனை காலத்திற்குள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும், எத்தனை பிள்ளைகளைப் பெற்றால் என்ன சலுகை என்றெல்லாம் சட்டம் வகுத்தார். அச்சட்டங்களுக்கு இரையானவர்களுள் முதன்மையானவர் அவர் பெற்ற ஒரே மகள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

உரோமைப் பேரரசு ஒழுக்கக்கேட்டால் அழிந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அதற்குச் சான்றாக அரண்மனைப் பெண்களின் பெயர்களே பெரும்பாலும் வரிசையாக வருகின்றன. கணக்கை மட்டும் பார்ப்போம். அவர்களுள் மிகவும் பழிக்கப்பட்ட மெஸ்ஸலீனா மாண்டது கி.பி. 48இல். மேற்கு உரோமைப் பேரரசு வீழ்ந்தது 476இல். ஒரு பெண்ணின் ஒழுக்கக்கேடு நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து ஒரு பேரரசைக் கவிழ்த்தது என்பது நம்பத்தக்கதன்று. அப்பெண்கள் அனைவரும் மாசற்றவர்கள் என்று வாதாடுவது நம் நோக்கமும் அன்று. அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு யாருக்கு, எந்த வேளையில் பயன்பட்டது என்று கேட்டுப் பார்க்கவே விரும்புகிறோம்.

இத்தாலியின் மேற்குக் கரைக்கு அப்பால், நேப்பிள்ஸ் நகரிலிருந்து மேற்கே, வெந்தோத்தேனே என்று இன்று வழங்கும் ஒரு சிறு தீவு உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்; அகலம் எவ்விடத்திலும் 1 கிலோமீட்டரை எட்டாது. பண்டை உரோமையர் அதனைப் பந்தத்தேரியா என்று அழைத்தனர். மழைநீரைத் தேக்கும் பெருந்தொட்டிகளையும், படகுத்துறையையும், மீன் வளர்க்கும் குளங்களையும் அவர்கள் அங்கே பாறையைக் குடைந்தே அமைத்தனர். வடமுனையில் ஓர் அரச மாளிகையின் அடித்தளங்கள் இன்றும் காணக் கிடக்கின்றன. மன்னர் குடும்பம் கோடையில் இளைப்பாறுவதற்கு ஏற்ற அம்மாளிகை, மன்னர் குடும்பத்துப் பெண்களுக்கே சிறையாக மாறியது. கி.மு. 2 முதல் கி.பி. 95 வரையுள்ள நூறாண்டுக் காலத்தில், ஒருவர்பின் ஒருவராக அவர்கள் அங்கே தீவாந்தரம் அனுப்பப்பட்டனர்.

இவ்வரலாறு விளங்க வேண்டுமானால் உரோமையரின் திருமணம் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கோவிலோ குருவோ பதிவேடோ அதற்கு இன்றியமையாதவை அல்ல. ஆணும் பெண்ணும், அவர்களைத் தம் அதிகாரத்தில் வைத்திருந்த தந்தையரும் இசைந்தால் அது திருமணம். மணமக்களின் இசைவே திருமணத்தை உருவாக்குகிறது என்று நம் திருச்சபைச் சட்டம் இன்றும் கூறுகிறதே, அக்கொள்கையின் வேர் உரோமைச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. உரோமையர் கண்ணில் அந்த இசைவு நாள்தோறும் தொடர வேண்டிய ஒன்று. கணவனோ மனைவியோ அதை விலக்கிக்கொண்டால் திருமணமும் அத்துடன் அற்றுப்போகும். நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. காரணம் காட்ட வேண்டியதில்லை. ஆள்வழிச் சொல்லி அனுப்பினாலே போதும். சீதனத்தைத் திருப்பித் தருவது பற்றி வழக்கு எழலாம். பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள்.

அகுஸ்துவின் சொந்த வாழ்வே இதற்கு எடுத்துக்காட்டு. கி.மு. 39இல் அவருடைய மனைவி ஸ்கிரிபோனியா ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். குழந்தை பிறந்த அன்றே அகுஸ்து அவரை மணவிலக்குச் செய்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லிவியாவை மணந்தார். லிவியா அப்போது மற்றொருவரின் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த ஆறு மாதக் கர்ப்பிணி. அவரை மணவிலக்குச் செய்த முதற்கணவரே தந்தையின் இடத்தில் நின்று அவரைக் கையளித்தார். இத்தகைய திருமணம் செல்லுமா என்று சமயத் தலைவர்களைக் கேட்டபோது, செல்லும் என்றே அவர்கள் விடையளித்தனர். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ஆயினும் இவ்வாறு தொடங்கிய அத்திருமணம், அகுஸ்து கி.பி. 14இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படித் தம் இல்லறத்தைத் தொடங்கியவர்தாம் கி.மு. 18இல் யூலியச் சட்டங்கள் எனப்படும் திருமணச் சட்டங்களைக் கொணர்ந்தார். அதுவரை குடும்பத்துக்குள் தீர்க்கப்பட்டு வந்த விபசாரம் அன்றுமுதல் அரசுக்கு எதிரான குற்றமாயிற்று. மனைவியின் குற்றத்தை அறிந்தும் அவளை விலக்காத கணவன், மனைவியை விற்றுப் பிழைப்பவனாகக் கருதப்பட்டுத் தானே தண்டனைக்கு உள்ளாவான். கணவனும் தந்தையும் 60 நாள்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால், அயலார் எவரும் தொடரலாம். குற்றம் உறுதியானால் பெண் தன் சீதனத்தில் பாதியையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கையும் இழந்து ஒரு தீவுக்குச் செல்ல வேண்டும். ஆண் தன் சொத்தில் பாதியை இழந்து வேறொரு தீவுக்குச் செல்ல வேண்டும். ஆனால் மணமான ஆண் தன் அடிமைப் பெண்ணிடமோ விலைமகளிடமோ சென்றால் அது விபசாரம் ஆகாது. கணவன்மீது இவ்வழக்கைத் தொடரும் உரிமை மனைவிக்கு இல்லை. கி.பி. 9இல் இச்சட்டங்களுக்குத் துணையாக வந்த மற்றொரு சட்டம், மணமாகாதவர்களும் பிள்ளையற்றவர்களும் பெறக்கூடிய உரிமைச் சொத்துகளைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்துக்குத் தம் பெயரைத் தந்த ஆட்சியாளர் இருவரும் மணமாகாதவர்கள் என்று வரலாற்றாசிரியர் தியோ காசியுஸ் குறித்துவைத்திருக்கிறார். குறும்புக்காரர்!

ஸ்கிரிபோனியா பெற்ற அந்தப் பெண் குழந்தைதான் யூலியா. அகுஸ்துவுக்கு மகன் இல்லை. ஆகவே ஆட்சி அடுத்து யாருக்கு என்பது யூலியாவின் மணமேடையில் முடிவாக வேண்டியிருந்தது. பதினான்கு வயதில் தந்தையின் சகோதரி மகனுக்கு மணம் செய்விக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அவன் இறந்தான். கி.மு. 21இல் தந்தையின் வயதையொத்த படைத்தலைவர் அகிரிப்பாவுக்கு மனைவியானார். திருத்தூதர் பணிகள் நூலில் நாம் காணும் அகிரிப்பா மன்னர் இவர் அல்லர்; ஏரோது குடும்பத்தார் இவர்மீது கொண்ட மதிப்பினால் தம் பிள்ளைக்கு இட்ட பெயர் அது. இந்த அகிரிப்பாவும் ஏற்கெனவே மணமானவர். அவருடைய மனைவி அகுஸ்துவின் சகோதரி மகளே. அரசுக்காக அப்பெண்ணை அவர் விலக்க வேண்டியதாயிற்று. யூலியா அவருக்கு ஐந்து பிள்ளைகளைப் பெற்றார்.

கி.மு. 12இல் அகிரிப்பா இறந்ததும், லிவியாவின் மூத்த மகன் திபேரியு அடுத்த மாப்பிள்ளையாகக் குறிக்கப்பட்டார். திருமுழுக்கு யோவான் பணி தொடங்கிய காலத்தில் ஆண்டவர் என்று லூக்கா குறிப்பிடுகிறாரே, அதே திபேரியுதான். இவருக்கும் மனைவி இருந்தார். பெயர் விப்சானியா. அகிரிப்பாவின் முந்தைய மனைவிக்குப் பிறந்த மகள் அவர், அப்போது கருவுற்றிருந்தார். திபேரியு அவரை மனமார நேசித்தார் என்பதில் பண்டை ஆசிரியர்களுக்கு ஐயமில்லை. அவரை விலக்கி, அவருடைய தந்தையின் கைம்பெண்ணை மணக்குமாறு மாற்றாந்தந்தை கட்டளையிட்டார். பின்னொரு நாள் தற்செயலாக விப்சானியாவைக் கண்ட திபேரியு, கண்ணீர் ததும்ப அவர் போகும் வழியையே பார்த்து நின்றாராம். இனி அவர் திபேரியுவின் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் சுவேத்தோனியுஸ். பிற்காலத்தில் கொடுங்கோலராகப் பெயரெடுத்த ஒரு மனிதரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மென்மையான செய்தி இது.

இத்திருமணத்தில் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கி.மு. 6இல் திபேரியு மனைவியையும் தலைநகரையும் துறந்து ரோது தீவில் போய்த் தங்கிவிட்டார். கி.மு. 2ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அகுஸ்துவுக்கு 'நாட்டின் தந்தை' என்னும் பட்டம் சூட்டப்பெற்றது. அதே ஆண்டில், பெற்ற மகளை விபசாரி என்று குற்றஞ்சாட்டும் கடிதத்தைச் செனட் சபையில் படிக்கச் செய்தார். தாம் அவைக்கு வரவில்லை, வெட்கம். திபேரியுவைக் கேளாமலேயே அவர் பெயரால் மகளுக்கு மணவிலக்கும் அனுப்பினார். யூலியாவின் நண்பர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவன் மட்டும் உயிரிழந்தான். அவன், அகுஸ்துவின் பழம்பகைவராகிய மாற்கு அந்தோனியின் மகன். கள்ளக்காதலே குற்றமென்றால் மற்றவர்களுக்குத் தீவும் இவனுக்குச் சாவும் ஏன்? இவன் ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்தான் என்று தியோ சொல்கிறார். யூலியா தந்தையைக் கொல்ல நினைத்ததாகவே பிளினி குறிப்பிடுகிறார். யூலியாவின் நடத்தையில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சதி வழக்கு என்றால் நாடு இருகூறாகும்; ஒழுக்க வழக்கு என்றால் பெண்ணின் பெயர் மட்டுமே கெடும். அகுஸ்து எதைத் தெரிந்துகொண்டார் என்பது தெளிவு.

பந்தத்தேரியாவில் யூலியாவுக்குத் திராட்சை மது மறுக்கப்பட்டது. மன்னரின் இசைவின்றி எந்த ஆணும், அடிமையாயினும், அவரை அணுகக்கூடாது. அவருடன் தாமாகவே முன்வந்து தீவுக்குச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் ஸ்கிரிபோனியா. பிள்ளை பெற்ற நாளன்றே வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அந்தத் தாய், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின் அந்தப் பிள்ளையோடு படகேறினார். பேரரசின் ஆவணங்களில் ஸ்கிரிபோனியாவுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. இருப்பினும் இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுகிறவர் அவரே.

யூலியாவை மீட்டழைக்குமாறு உரோமை மக்கள் கேட்டனர். நெருப்பும் நீரும் கலந்தாலன்றி அது நடவாது என்றார் மன்னர். மக்கள் சளைக்கவில்லை, எரியும் தீப்பந்தங்களைத் திபேர் ஆற்றில் கொண்டுபோய் எறிந்தார்கள்! ஐந்து ஆண்டுகளுக்குப்பின் தீவிலிருந்து தெற்கு இத்தாலியின் ரேகியும் நகருக்கு யூலியா மாற்றப்பட்டார். உரோமைக்குத் திரும்பவே இல்லை. திபேரியு அரியணை ஏறியதும் அவருக்கு வந்துகொண்டிருந்த பொருளுதவி நிறுத்தப்பட்டது. கி.பி. 14இல் வறுமையில் வாடி இறந்தார். தம் கல்லறை மாடத்தில் மகளின் சாம்பலுக்கு இடமில்லை என்று அகுஸ்து முன்னதாகவே எழுதிவைத்திருந்தார்.

யூலியாவின் மகள் அகிரிப்பினா அடுத்தவர். இவருடைய ஒழுக்கத்தை எவரும் குறைகூறியதில்லை. கணவரைப் பறிகொடுத்துப் பிள்ளைகளுடன் வாழ்ந்த இவர், தமக்கு மறுமணம் செய்விக்குமாறு ஒரு நாள் திபேரியு மன்னரை வேண்டினார். மன்னர் மறுமொழி கூறாமலே எழுந்து சென்றார். அகுஸ்துவின் பேத்தியை மணப்பவன் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவன் ஆவான் அன்றோ? கி.பி. 29இல் ஆணவம் என்னும் குற்றத்துக்காக அகிரிப்பினா பந்தத்தேரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே காவலன் அடித்த அடியில் ஒரு கண்ணை இழந்தார். 33இல் பட்டினியால் மாண்டார். மாண்ட பின்னர், அவரை விபசாரி என்று திபேரியு தூற்றினார். இதற்கு இணைத்துச் சொல்லப்பட்ட ஆண் யார் தெரியுமா? விப்சானியாவைப் பின்னாளில் மணந்துகொண்ட செனட் உறுப்பினர் காலுஸ். நாற்பது ஆண்டுகளாக ஆறாத புண் அது.

மெஸ்ஸலீனாவின் கதையை நாம் விரித்துரைக்கப் போவதில்லை. கிளவுதியு மன்னரின் மனைவியாக இருந்துகொண்டே, அவர் ஒஸ்தியாத் துறைமுகத்துக்குச் சென்றிருந்த வேளையில், ஆட்சித் தலைமைக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்த சீலியுஸ் என்பவரைச் சாட்சிகள் முன்னிலையில் மணந்தார் என்பது வழக்கு. கேட்பவர் இதைக் கட்டுக்கதை என்பார்கள் என்று தாசித்துஸ் தாமே அஞ்சுகிறார். அவரைப் பற்றிய கொச்சையான கதைகள் பலவும் அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப்பின் அங்கதக் கவிஞர்களும் மற்றவர்களும் எழுதியவை. அவருக்குப்பின் அந்த அரண்மனையில் மனைவியாக அடியெடுத்து வைத்தவர், தீவில் மாண்ட அகிரிப்பினாவின் அதே பெயருடைய மகள். தம் குடும்பத்தைப் பற்றி நினைவுக் குறிப்புகள் எழுதிவைத்தவர். தாசித்துஸ் அவற்றைப் படித்தவர். ஒருவரின் இடத்தைப் பிடித்தவர் வரலாறும் எழுதினால் முன்னவர் எவ்வாறு சித்திரிக்கப்படுவார் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மெஸ்ஸலீனாவின் மகள் ஒக்தாவியாவின் வரலாறுதான் இவை அனைத்திலும் துயரமானது. சிறுமியாக இருந்தபோதே லூசியுஸ் சிலானுஸ் என்ற இளைஞனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். புதிய சிற்றன்னைக்குத் தம் மகன் நீரோவுக்கு அப்பெண் தேவைப்பட்டது. உடனே சிலானுஸ் தன் உடன்பிறந்த சகோதரியோடு முறைகேடாகப் பழகுகிறான் என்ற பழி கிளம்பியது. சகோதரன் மகளை மணக்கலாகாது என்றிருந்த பழஞ்சட்டத்தைச் செனட் சபை மாற்ற, கிளவுதியு அகிரிப்பினாவை மணந்தார். அந்தத் திருமண நாளன்றே சிலானுஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். கி.பி. 53இல் ஒக்தாவியா நீரோவின் மனைவியானார். அவருடைய தந்தை 54இலும், தம்பி 55இலும் இறந்தனர். இருவரும் நஞ்சூட்டப்பட்டனர் என்றே பண்டையோர் எழுதினர்.

நீரோவின் நெஞ்சம் வேறிடத்தில் இருந்தது. பொப்பேயாவை மணப்பதற்காக ஒக்தாவியாவை விலக்க அவன் விரும்பியபோது, படைத்தலைவர் புருஸ் தடுத்தார். மனைவியை அனுப்புவதென்றால் அவள் கொணர்ந்த சீதனத்தையும் கொடுத்துவிடு என்றாராம். சீதனம் என்று அவர் சொன்னது பேரரசையே. 62இல் புருஸ் இறந்தார். அவ்வாண்டே ஒக்தாவியா மலடி என்று கூறப்பட்டு மணவிலக்குச் செய்யப்பட்டார். புனித பவுல் உரோமையில் காவலில் இருந்ததாகக் கருதப்படும் காலத்தை ஒட்டியது இது.

விலக்கியது மட்டும் போதவில்லை. ஓர் எகிப்தியக் குழலிசைஞனோடு அவருக்குத் தொடர்பு என்ற பழி எழுந்தது. பணிப்பெண்களைச் சித்திரவதை செய்தனர். சிலர் வலி தாளாமல் பொய் சொன்னார்கள். மற்றவர்கள் தலைவியின் தூய்மையை விட்டுக்கொடுக்கவில்லை. விசாரித்த திகெல்லீனுஸின் முகத்துக்கு நேரே ஒருத்தி அவனுடைய வாய் எவ்வளவு அசுத்தமானது என்று சொல்லிக்காட்டினாள். அடிமைப் பெண்ணின் உடல் எவருக்கும் உரியது என்றிருந்த சமுதாயத்தில், அவ்வுடலே ஒரு பேரரசிக்குச் சாட்சியாக நின்றது. நீரோ ஒக்தாவியாவை மீண்டும் அழைத்துக்கொண்டான் என்று ஒரு வதந்தி பரவியதும், மக்கள் பொப்பேயாவின் சிலைகளைத் தள்ளிவிட்டு ஒக்தாவியாவின் உருவங்களைப் பூச்சூட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். படைவீரர் வந்து அவர்களைக் கலைத்தனர். மக்களின் அந்த அன்பே ஒக்தாவியாவுக்கு எமனாயிற்று.

கடற்படைத் தலைவன் அனிசேத்துஸ் அழைக்கப்பட்டான். மூன்றாண்டுகளுக்கு முன் நீரோவுக்காக அவனுடைய தாயையே கொன்ற கைகாரன் அவன். ஒக்தாவியா தன்னோடு விபசாரம் செய்ததாக அவன் ஒப்புக்கொள்ள வேண்டும், மறுத்தால் சாவு. ஒப்புக்கொண்டான், சார்தீனியாவுக்கு அனுப்பப்பட்டு வசதியாக வாழ்ந்து இயற்கையாக இறந்தான். கடற்படையைத் தன்வசமாக்க ஒக்தாவியா அவனை மயக்கினாள் என்றும், கருவுற்று அக்கருவை அழித்தாள் என்றும் நீரோ அறிக்கை வெளியிட்டான். சில நாள்களுக்கு முன்புதான் அவரை மலடி என்றிருந்தான். அந்த முரண்பாட்டைத் தாசித்துஸ் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

இருபது வயதை ஒட்டிய அந்தப் பெண் பந்தத்தேரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சில நாள்களில் கொலை ஆணை வந்தது. கைகால்களைக் கட்டி நரம்புகளை அறுத்தனர். அச்சத்தால் இரத்தம் உறைந்து மெல்லக் கசிந்ததால், வெந்நீர் அறையின் ஆவியில் மூச்சடைக்கச் செய்தனர். துண்டித்த தலை பொப்பேயாவின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. இதற்காகக் கோவில்களில் நன்றிக் காணிக்கை செலுத்தவும் செனட் சபை தீர்மானித்தது.

முப்பது ஆண்டுகள் சென்றபின் அத்தீவின் பெயர் மீண்டும் ஏடுகளில் வருகிறது. தொமித்தியான் மன்னன் கி.பி. 95இல் தன் உறவினரான பிளாவியுஸ் கிளெமென்ஸைக் கொன்று, அவருடைய மனைவியும் வெஸ்பாசியான் பேரரசரின் பேத்தியுமான பிளாவியா தொமித்தில்லாவைப் பந்தத்தேரியாவுக்கு அனுப்பினான். இம்முறை குற்றச்சாட்டு விபசாரம் அன்று. உரோமைத் தெய்வங்களை மறுத்தல், யூத வழக்கங்களின்பால் சாய்தல் என்று தியோ எழுதுகிறார். கிறிஸ்துவை ஏற்றதே அக்குற்றம் என்று பலர் கருதுகின்றனர். திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸோ, கிறிஸ்தவளாயிருந்ததற்காக நாடு கடத்தப்பட்ட தொமித்தில்லா கிளெமென்ஸின் சகோதரி மகள் என்றும், அனுப்பப்பட்ட இடம் அருகிலுள்ள பொந்தியா தீவு என்றும் எழுதிவைத்தார். ஒருவரா இருவரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். இவருடைய வரலாறு தெளிவற்றிருப்பதால் 1969இல் திருவழிபாட்டுப் பொது நாள்காட்டியிலிருந்து இவர் பெயர் எடுக்கப்பட்டது. கிளெமென்ஸ்-தொமித்தில்லா தம்பதியரின் இரு மகன்களைத் தன் வாரிசுகளாகவே தொமித்தியான் அறிவித்திருந்தான் என்பதை மறந்துவிடலாகாது. அரியணைக்கு அருகில் நின்ற தாய் இவர். மறுவருடம் தொமித்தியானைக் கத்தியால் குத்தியவன் ஸ்தேபானுஸ். தொமித்தில்லாவின் சொத்துகளை நிர்வகித்துவந்த பணியாளன்.

உரோமைக்குத் தெற்கே அர்தேயாத்தினா சாலையோரம் தொமித்தில்லா பெயரால் வழங்கும் பரந்த நிலத்தடிக் கல்லறை இன்றும் இருக்கிறது. அப்பகுதி நிலங்கள் அவருக்கு உரியவை என்பதையும், கல்லறைக்கான இடங்களை அவர் தம்மைச் சார்ந்தோருக்கு வழங்கினார் என்பதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. உடைந்த நிலையில் கிடைத்த மற்றொரு கல்வெட்டில், வெஸ்பாசியானின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளைப் பாலூட்டி வளர்த்த தாத்தியா என்னும் செவிலித்தாய், தொமித்தில்லாவின் தயவால் கிடைத்த இடத்தில் இக்கல்லறையைக் கட்டியதாகத் தெரிவிக்கிறார்.